மத்திய அரசுப் பணிகள்: கேடர்வாரி ரோஸ்டரை வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மத்திய அரசுப் பணிகளில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம் ஓர் அட்டவணையும் சில சதவீதங்களும் பதிலாக வருகின்றன. 2016 ஜனவரி 1 நிலவரப்படி 78 அமைச்சகங்களும் துறைகளும் தந்த தகவலைத் தொகுத்து அரசு சொன்ன கணக்கு இது: எஸ்.சி. 17.49, எஸ்.டி. 8.47, ஓபிசி 21.57. சட்டப்படியான ஒதுக்கீடு முறையே 15, 7.5, 27. உடனே ஒரு தரப்பு, “எஸ்.சி., எஸ்.டி.க்கு நிறைந்துவிட்டது, இனி என்ன?” என்கிறது. இன்னொரு தரப்பு, “ஓபிசிக்கு ஐந்தரை சதவீதம் களவு போய்விட்டது” என்கிறது. இந்த எண்களை வைத்து இரண்டில் எதையும் நிறுவ முடியாது. விடை ஒவ்வொரு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவு அலமாரியில் இருக்கும் ரோஸ்டர் பதிவேட்டில், அதாவது எந்த வரிசை எண் (புள்ளி) எந்தப் பிரிவுக்கு என்று எழுதிவைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அதை வெளியே வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள்தான் மிகக் குறைவு.

தமிழக அரசின் 200 புள்ளி இனச்சுழற்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இங்கே சுழற்சி நியமனத்துக்கு நியமனம் நகரும். போன முறை எந்தப் புள்ளியில் நின்றதோ, அடுத்த தேர்வு அங்கிருந்து தொடரும். மத்திய அரசிலும் முன்பு 40 புள்ளிகள் கொண்ட சுழற்சி காலியிடத்துக்குக் காலியிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.கே. சபர்வால் வழக்கில் 1995 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. ஒதுக்கீட்டைக் காலியிடத்தின் மீது கணக்கிடக் கூடாது, கேடரில், அதாவது ஒரே அலகாகக் கணக்கிடப்படும் பணியிடத் தொகுப்பில், உள்ள மொத்தப் பணியிடங்களின் மீது கணக்கிட வேண்டும் என்றது. அதன்படி மத்திய பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 1997 ஜூலை 2-ல் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணைதான் இன்றைய முறைக்கு அடிப்படை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான (இடபிள்யூஎஸ்) 10 சதவீதத்தைச் சேர்த்து 2019 ஜனவரி 31-ல் மாதிரி ரோஸ்டர்கள் திருத்தப்பட்டன.

புள்ளிகள் எங்கே விழும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வரிசை எண்ணைச் சதவீதத்தால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். எங்கே முழு எண் தாண்டுகிறதோ அங்கே அந்தப் பிரிவுக்கு ஓர் இடம். அகில இந்தியத் திறந்த போட்டியில் ஓபிசிக்கு 27 சதவீதம். 4-ஐப் பெருக்கினால் 1.08, ஆக 4-வது புள்ளி ஓபிசி. எஸ்.சி.க்கு 15 சதவீதம், 7-ல் 1.05 வரும், எனவே 7-வது புள்ளி எஸ்.சி. 8 மறுபடி ஓபிசி. 10-வது இடபிள்யூஎஸ். 12 ஓபிசி. 14-ல் எஸ்.டி.க்கும் 1.05, எஸ்.சி.க்கும் 2.1 வருகிறது. ஒரே புள்ளியில் இருவர் மோதுவதால் 14 எஸ்.டி.க்கும் 15 எஸ்.சி.க்கும் போகின்றன. 15-ல் வந்திருக்க வேண்டிய ஓபிசி 16-க்குத் தள்ளப்படுகிறது. பிறகு 19 ஓபிசி, 20 எஸ்.சி. இடபிள்யூஎஸ்ஸின் இரண்டாவது இடமும் 20-ல் மோதி 21-க்குப் போகிறது. 200 புள்ளி முடியும்போது எஸ்.சி. 30, எஸ்.டி. 15, ஓபிசி 54, இடபிள்யூஎஸ் 20, பொது 81 என்று கணக்கு நேராகிவிடும்.

20 பணியிடங்கள் கொண்ட ஒரு கேடரை எடுத்துக்கொள்வோம். நேரடி நியமனம் மட்டும், அகில இந்தியப் போட்டி. மேலே சொன்ன புள்ளிகளின்படி ஓபிசி 5, எஸ்.சி. 3, எஸ்.டி. 1, இடபிள்யூஎஸ் 1, பொது 10. எல்லா இடமும் ஒரு முறை நிரம்பிவிட்டால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். அதன்பின் யார் ஓய்வு பெறுகிறாரோ அவர் உட்கார்ந்திருந்த புள்ளி எந்தப் பிரிவுக்கு உரியதோ, அந்தப் பிரிவைச் சேர்ந்தவரே வர வேண்டும். 7-வது புள்ளிக்காரர் ஓய்வு பெற்றால் வருபவர் எஸ்.சி. பழைய பழக்கத்தில் “அடுத்த புள்ளி 21” என்று எழுதினால் அந்த எஸ்.சி. இடம் இடபிள்யூஎஸ்ஸுக்குப் போய்விடும். 1997-க்குப் பிறகும் பல ஆண்டுகள் பதிவேடுகளில் இந்தப் பிழை தொடர்ந்தது. புதிதாக நிர்வாகப் பிரிவுக்கு வருபவரிடம் முன்னவர் பதிவேட்டைத்தான் ஒப்படைத்துவிட்டுப் போகிறாரே தவிர, விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதில்லை.

இதைவிடப் பெரிய பிழை சொந்தத் தகுதியில் வந்தவர்கள் விஷயத்தில் நடக்கிறது. வயது வரம்பிலோ, தேர்வு எழுதும் வாய்ப்புகளின் எண்ணிக்கையிலோ, தகுதி அளவுகோலிலோ எந்தத் தளர்வும் பெறாமல், பொதுப்பிரிவினருக்கான அதே மதிப்பெண் வரிசையில் தேறி வரும் எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி தேர்வர் பொதுப் புள்ளியில்தான் எழுதப்பட வேண்டும். சபர்வால் தீர்ப்பு சொல்வதும் அதுதான். குறிப்பாணைகள் சொல்வதும் அதுதான். ஆனால் பதிவேட்டை எழுதுபவரின் கையில் இருப்பது பணிப்பதிவேட்டில் ஒட்டிய சாதிச் சான்றிதழ். மதிப்பெண் வரிசைப் பட்டியல் தேர்வு வாரியத்தோடு நின்றுவிடுகிறது. சான்றிதழைப் பார்த்ததும் “ஓபிசி” என்று 4-வது புள்ளியில் எழுதிவிடுகிறார்.

நம் 20 இடக் கேடரில் இதன் விளைவைப் பாருங்கள். ஐந்து ஓபிசியினர் பணியில் இருக்கிறார்கள், அவர்களில் மூவர் சொந்தத் தகுதியில் வந்தவர்கள் என்று கொள்வோம். சரியாக எழுதினால் மூவரும் பொதுப் புள்ளிகளில் இருப்பார்கள். ஒதுக்கீட்டுப் புள்ளிகள் ஐந்தில் இரண்டுதான் நிறைந்திருக்கும், இன்னும் மூன்று ஓபிசி இடங்களை நிரப்ப வேண்டியிருக்கும். தவறாக எழுதினால் “ஐந்துக்கு ஐந்து, ஓபிசி நிறைவு” என்று குறிப்பு எழுதி, அடுத்த விளம்பரத்தில் ஓபிசிக்கு நேராகப் பூஜ்யம் போடுவார்கள். இரண்டு பதிவேட்டிலும் ஓபிசி சதவீதம் அதே 25. நாடாளுமன்ற அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். 17.49 என்பதைக் காட்டி எஸ்.சி. ஒதுக்கீடு நிறைந்துவிட்டது என்பது ஏன் செல்லாத வாதம் என்பதற்கு இது ஒன்றே போதும். அந்த எண்ணில் எத்தனை பேர் பொதுப் புள்ளியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒதுக்கீட்டுப் புள்ளியில் இருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

ஓபிசி எண் 27-க்குக் கீழே இருப்பதற்கும் திருட்டு மட்டுமே காரணம் இல்லை. ஓபிசி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்ததே 1993 செப்டம்பர் 8 குறிப்பாணைக்குப் பிறகுதான். அதற்கு முன் சேர்ந்த பிற்படுத்தப்பட்டோர் பலர் பொதுப்பிரிவு என்றே கணக்கில் நின்றார்கள். அடுத்து, பதவி உயர்வில் ஓபிசிக்கும் இடபிள்யூஎஸ்ஸுக்கும் ஒதுக்கீடு கிடையாது. எஸ்.சி., எஸ்.டி.க்கு மட்டும்தான் உண்டு. நேரடி நியமனத்துக்கு ஒரு ரோஸ்டர், பதவி உயர்வுக்குத் தனி ரோஸ்டர் என்பது விதி. 30 இடக் கேடரில் பாதி நேரடி, பாதி பதவி உயர்வு என்றால் இரண்டும் தனித்தனியே 15 புள்ளி ரோஸ்டர்கள். நேரடிப் பாதியில் ஓபிசி புள்ளிகள் 4, 8, 12. நான்காவது இடம் 16-க்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று மேலே பார்த்தோம். ஆக 30 பேரில் ஓபிசிக்கு ஒதுக்கப்பட்டவை 3 மட்டுமே. விதி ஒன்றுகூட மீறப்படவில்லை, ஆனாலும் 10 சதவீதம்தான். மேலே போகப் போகப் பதவி உயர்வின் பங்கு கூடும் என்பதால் உயர்நிலைப் பணிகளான குரூப் ஏ-வில் ஓபிசி 13 சதவீதத்தை ஒட்டி நின்றதில் வியப்பில்லை.

செயலாளர், கூடுதல் செயலாளர் நிலையில் எத்தனை பேர் என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. குரூப் ஏ-வின் முதல் படிக்கு மேலே தேர்வு முறையில் வரும் பதவி உயர்வுகளுக்கு ஒதுக்கீடே இல்லை. ரோஸ்டரும் இல்லை. அங்கே தீர்மானிப்பது பணிமூப்பும், அந்தப் பதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியலான பேனலில் பெயர் வருவதும். குடிமைப்பணித் தேர்வுக்கு வயது உச்சவரம்பு பொதுப்பிரிவுக்கு 32, ஓபிசிக்கு 35, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37. தளர்வு நியாயமானதுதான். ஆனால் 35 வயதில் சேருபவர் 60-ல் ஓய்வு பெறும்போது 25 ஆண்டுப் பணிதான் முடித்திருப்பார். செயலாளர் பேனலுக்கு அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலான பணிமூப்பு வேண்டியிருக்கிறது. 23 வயதில் சேர்ந்தவருக்கு அது எளிதில் வாய்க்கிறது. இதற்கு ரோஸ்டரில் மருந்து இல்லை. பேனல் விதியில்தான் தேட வேண்டும்.

சிறிய கேடர்களின் கதை வேறு. ஒரே ஓர் இடம் உள்ள கேடரில் ஒதுக்கீடு கூடாது என்று 1998-ல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2 முதல் 13 இடங்கள் வரை உள்ள கேடருக்கு 14 புள்ளி எல் வடிவ ரோஸ்டர். இங்கே மட்டும் பழைய மாதிரி சுழற்சி உண்டு. ஐந்து இடக் கேடரில் முதல் ஐந்து நியமனங்களில் 4-வது ஓபிசி. அதன்பின் முதலில் காலியாகும் இடம் யாருடையதாக இருந்தாலும் 6-வது புள்ளி, அடுத்தது 7-வது புள்ளி, அதாவது எஸ்.சி. எஸ்.டி.யின் 14-வது புள்ளி ஒன்பதாவது காலியிடத்தில்தான் வரும். ஐந்து பேர் உள்ள பிரிவில் ஒன்பது பேர் ஓய்வு பெற எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

அதனால்தான் எதை ஒரு கேடர் என்று எடுத்துக்கொள்வது என்பதில் இவ்வளவு சண்டை நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணிக்கு முழுப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாகக் கொண்டிருந்ததை மாற்றி, ஒவ்வொரு துறையும் தனி அலகு என்று 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) அறிவித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிய முடிவு அது. மூன்று பேராசிரியர் இடம் உள்ள துறையில் முதல் மூன்று நியமனங்களில் 4-வது புள்ளியே வராது, ஆகவே அப்போது யாருக்கும் ஒதுக்கீடு இல்லை. பத்துத் துறைகளில் மும்மூன்றாக 30 இடம் இருந்தும் முதல் சுற்றில் ஒதுக்கீடு பூஜ்யம். 2019-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி முழு நிறுவனமே அலகு என்று ஆக்கிய பிறகுதான் அது சரியானது. 2024 ஆகஸ்ட் 17-ல் இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் நிலையில் 45 இடங்களுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க யூபிஎஸ்சி விளம்பரம் செய்ததும் இதே வகை. ஒவ்வொன்றும் தனித்த ஒற்றைப் பணியிடம் என்பதால் ஒதுக்கீடு இல்லை என்பது அரசின் விளக்கம். 45-ஐயும் ஒன்றாக எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் எஸ்.சி.க்கு 6, எஸ்.டி.க்கு 3, ஓபிசிக்கு 12, இடபிள்யூஎஸ்ஸுக்கு 4 வரும். மூன்றே நாளில், ஆகஸ்ட் 20-ல், விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளூர் அல்லது வட்டார அளவில் ஆள் எடுக்கும் குரூப் சி பணிகளுக்கு மாநில மக்கள்தொகையை ஒட்டிய சதவீதம் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு எஸ்.சி. 19, எஸ்.டி. 1, ஓபிசி 27. எஸ்.டி.க்கு ஒரு சதவீதம் என்றால் பெருக்கலில் முழு எண் வருவது 100-வது இடத்தில். மாநிலம் முழுவதும் ஒரே கேடராக இருந்தால் ஓர் இடமாவது கிடைக்கும். கோட்டத்துக்கு ஒரு கேடர் என்று உடைத்துவிட்டால் அதுவும் போச்சு. மலைவாழ் மக்கள் இருக்கும் மாவட்டங்களில்கூட உள்ளூர் நியமனத்தில் எஸ்.டி. ஊழியர் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

காலியிடக் கணக்கில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோஸ்டர்படி ஒரு பிரிவுக்கு எத்தனை இடம் உண்டோ, அதில் எத்தனை நிரம்பவில்லையோ அது குறைவு. அந்த இடங்களை விளம்பரம் செய்து, தேர்வு நடத்தி, ஆள் கிடைக்காமல் அடுத்த ஆண்டுக்குப் போனால்தான் அது பின்னடைவு. இந்த வேறுபாட்டுக்குப் பணமதிப்பு போல ஒரு மதிப்பு உண்டு. ஓர் ஆண்டில் நிரப்பும் இடங்களில் எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி மூன்றும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் 2000-ல் வந்த அரசியல் சாசனத்தின் 81-வது திருத்தத்துக்குப் பிறகு பின்னடைவு இடங்கள் அந்தப் பாதிக் கணக்கில் சேரா. வெறும் குறைவு இடங்கள் சேரும். ஓர் அலுவலகம் பத்து ஆண்டு ஆளே எடுக்காமல் இருந்துவிட்டு, இப்போது 10 இடம் நிரப்புகிறது, ரோஸ்டர்படி 7 இடம் ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குக் குறைகிறது என்றால், இந்த முறை 5 தான் தர முடியும். உரிய காலத்தில் விளம்பரம் செய்து ஆள் கிடைக்காமல் போயிருந்தால் ஏழையும் தரலாம். சும்மா இருந்ததற்கு அலுவலகத்துக்குத் தண்டனை இல்லை, காத்திருந்தவருக்குத்தான் இழப்பு. இடபிள்யூஎஸ் இடங்களோ அந்த ஆண்டில் நிரம்பாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படாது. சில அலுவலகங்கள் அதையும் பின்னடைவு என்று தூக்கிச் சுமக்கின்றன, அது தவறு.

ஆள் கிடைக்கவில்லை என்று எழுதப்படும் குறிப்புகள் எல்லாமே உண்மையும் இல்லை. தமிழகத்திலிருந்து விண்ணப்பிப்பவர்கள் பலர் வட்டாட்சியர் தந்த பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழை இணைத்துவிடுகிறார்கள். மத்திய அரசுக்கு அதற்குரிய தனிப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும். சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், ஓபிசியில் ஒதுக்கீடு கிடைக்காத வசதி படைத்த பிரிவான கிரீமிலேயரில் வரவில்லை என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். சாதி மாறாது, கிரீமிலேயர் நிலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பழைய சான்றிதழ் செல்லாமல் போகிறது. வருமான வரம்பு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேரா, தேர்வரின் சொந்த வருமானமும் சேராது. இது தெரியாமல் அரசு ஊழியரின் பிள்ளை என்று சொல்லிச் சான்றிதழ் மறுக்கும் அலுவலகங்களும் உண்டு, அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. இடபிள்யூஎஸ்ஸுக்கும் அதே 8 லட்சம்தான், ஆனால் அங்கே சம்பளம், விவசாயம் எல்லாமே சேரும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதம் இந்தச் செங்குத்துப் புள்ளிகளின் குறுக்கே படுக்கைவாட்டில் போவது. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு சதவீதம். குரூப் ஏ, பி, சி ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி கொண்ட தனிப் பதிவேடு. 1, 26, 51, 76 ஆகியவை அவர்களுக்குரிய புள்ளிகள். 25 புள்ளிகள் ஒரு தொகுதி. முதல் காலியிடமே அவர்களுடையது என்பதுதான் இதன் பொருள். ஆனால் “தொகுதி முடிவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்” என்று 25-வது காலியிடம் வரை தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. தேர்வானவர் எஸ்.சி. என்றால் எஸ்.சி. புள்ளியில், ஓபிசி என்றால் ஓபிசி புள்ளியில் எழுத வேண்டும். எல்லோரையும் பொதுப் புள்ளியில் எழுதினால் பொதுப்பிரிவு அநியாயமாகக் குறையும்.

பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதிவேடே கைவிரிக்கும். ரோஸ்டர் படிவத்தில் பாலினத்துக்கு நிரல் கிடையாது. 2011 மார்ச் 31 நிலவரப்படி எடுத்த மத்திய அரசு ஊழியர் கணக்கெடுப்பில் பெண்கள் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். தமிழக அரசு 1989-லேயே பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கத் தொடங்கிவிட்டது. மத்தியில் பொதுவாக அப்படி ஒன்று இல்லை, விண்ணப்பக் கட்டண விலக்கோடு சரி. 2016-ல் சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் காவலர் நிலையில் மூன்றில் ஒரு பங்கு என்று முடிவானது விதிவிலக்கு.

மொத்தச் சதவீதம் எதையெல்லாம் மறைக்கிறது என்பதற்கு இன்னும் சில. 2021 மார்ச் 1 அன்று அனுமதிக்கப்பட்ட 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் காலி. சதவீதம் பணியில் இருப்பவர்கள் மீது போடப்படுகிறது, காலியாகக் கிடக்கும் ஒதுக்கீட்டுப் புள்ளி அதில் தெரியாது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு குரூப் டி, குரூப் சி-யோடு இணைக்கப்பட்டது. அதற்கு முந்தைய குரூப் சி எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு “முன்னேற்றம்” என்பது கணக்கே அல்ல. தூய்மைப் பணியாளர்களை அட்டவணையில் தனி வரிசையாகக் காட்டுவார்கள். அங்கே எஸ்.சி.யின் பங்கு ஒதுக்கீட்டு அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வரிசையும் சேர்ந்துதான் மொத்தச் சதவீதம் உயர்கிறது. இதற்கு ஒதுக்கீட்டைக் காரணம் சொல்ல முடியாது, வேறு யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை என்பதே காரணம். காவல், துப்புரவு, தட்டச்சு, ஓட்டுநர் வேலைகளை ஏஜென்சிக்கு விட்டுவிட்ட பிறகு அந்த ஆட்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் ஒதுக்கீடு உண்டு என்று குறிப்பாணைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அலுவலகம் நேரடியாக நியமித்தால்தான் அது பொருந்தும், ஏஜென்சியின் ரசீதுக்கு ரோஸ்டர் இல்லை.

பதிவேட்டைச் சரிபார்க்க ஏற்பாடே இல்லாமல் இல்லை. அமைச்சகந்தோறும் ஒதுக்கீடு சரியாகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்க, துணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத லைசான் ஆபீசர் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒருவர், ஓபிசிக்கு இன்னொருவர். ஆண்டுக்கு ஒரு முறை ரோஸ்டரைப் பார்வையிட வேண்டும். ஒவ்வொரு நியமனத்தின்போதும் நியமன அதிகாரி அந்த வரியில் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், பெயர்கள் பென்சிலில் கிடக்கும். ஆய்வுக்குத் தேதி குறித்த வாரத்தில் மை பூசி, மூன்று நான்கு ஆண்டுக் கையெழுத்தை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போடுவார்கள். விருப்ப மாற்றலில் போனவரின் பெயர் இரண்டு அலுவலகப் பதிவேட்டிலும் இருக்கும், அல்லது இரண்டிலும் இருக்காது. பணியிடங்கள் ஒழிக்கப்பட்டால் ரோஸ்டரின் கடைசிப் புள்ளிகளை நீக்கிச் சுருக்க வேண்டும். அதைச் செய்யாமல் 40 இட ரோஸ்டரை வைத்துக்கொண்டு 28 பேருக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகங்கள் உண்டு. லைசான் ஆபீசர் அதே அமைச்சகத்து அதிகாரி. தன் மேலதிகாரி கையெழுத்திட்ட பதிவேட்டில் எவ்வளவு தூரம் குறை எழுதுவார்?

2022 ஜனவரி 28-ல் ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்கான பிரதிநிதித்துவக் கணக்கை எடுக்க வேண்டிய அலகு கேடர்தான், மொத்தப் பணி அல்ல என்று தெளிவாகச் சொன்னது. அதை ஒட்டி ஏப்ரல் 12-ல் குறிப்பாணையும் வந்தது. கேடர்வாரிக் கணக்கு இல்லாவிட்டால் பதவி உயர்வு உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. ஆக, ஒவ்வொரு துறையும் அதைத் தயாரித்தே ஆக வேண்டும். தயாரித்ததை வெளியிட என்ன தடை? தகவல் உரிமைச் சட்டம் 4(1)(பி) ஊழியர் பட்டியலையும் சம்பளத்தையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிடச் சொல்கிறது. ரோஸ்டர் அதில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் அதன் 17-வது உட்பிரிவு, அரசு வரையறுக்கும் பிற தகவல்களையும் சேர்க்க இடம் தருகிறது. சட்டத் திருத்தம் வேண்டாம், ஒரு விதி போதும்: ஆண்டுதோறும் ஜனவரி 1 நிலவரப்படி ஒவ்வொரு கேடருக்கும் புள்ளி எண், அது எந்தப் பிரிவுக்கு, யாரால் நிரம்பியது என்றால் அவர் பிரிவு, சொந்தத் தகுதியா, நியமன தேதி, காலியானால் எந்த நாள் முதல், பாலினம் என்று ஏழு நிரல். பெயர் தேவையில்லை. வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்கிறது. அதன் முடிவு வந்ததும் இந்த விவாதம் இன்னும் சூடேறும். அப்போது மக்கள்தொகைச் சதவீதத்தின் பக்கத்தில் வைக்க, பணிகளுக்கான நம்பத்தகுந்த எண் கையில் இருக்க வேண்டும்.

விதி வரும்வரை வாசகர்கள் தாங்களே கேட்டுப் பெறலாம். 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும்போது “இடஒதுக்கீட்டு விவரம் தருக” என்று கேட்காதீர்கள், மூன்று சதவீதங்கள்தான் பதிலாக வரும். எந்தக் கேடர், நேரடி நியமனமா பதவி உயர்வா என்று குறிப்பிட்டு, அந்த ரோஸ்டர் பதிவேட்டின் நகலும், கடைசியாக லைசான் ஆபீசர் எழுதிய ஆய்வுக் குறிப்பின் நகலும் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். பெயர் நிரலை மறைத்துத் தந்தால் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் அந்த மறுப்பு வலுவிழக்கும். நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை, பிறகு மணிக்கு 5 ரூபாய். பார்வையிடும்போது சொந்தத் தகுதியில் வந்தவர்கள் எந்தப் புள்ளியில் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள், கையெழுத்து நிரலை அடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மத்திய அரசு அலுவலகங்களின் நிர்வாகப் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் சிலர்,
சென்னை